இசையாசிரியர்: உரிமையும் தகுதியும்

தோற்றுவாய்

தமிழ், இயல் இசை நாடகம் என மூவகைப்படும் என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. இம்மூன்றனுள் இயற்றமிழ் ஏட்டில் எழுதப்பெற்றமையின் ஏடு உள்ளதுணையும் நிலைபெறும். ஏனை இரண்டும் அத்தன்மையன அல்ல. பாடுவோர் மிடற்றிலும் ஆடுவோர் மெய்யிலும் அவை வாழ்வன. பாட்டின் சொல் ஏட்டில் எஞ்சியிருப்பினும், அதனைப் பாடிக் காட்டுவார் ஒரு தலைமுறைக்காலம் இலராயின் அப்பாட்டின் இசை மறைந்தொழியும். அடியார்க்குநல்லார் சிலப்பதிகாரத்துக்கு உரை வகுக்குங்கால் தமக்குத் துணையாகக் கொண்ட நூல்கள் இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் என்னும் ஐந்துமாம். இவற்றுள் பஞ்சமரபு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறிற்று. ஆயினும் அந்நூல் கூறும் இசையைப் பாடிக் காட்டும் மிடறு அந்நூலோடு உடன் வந்திலது.

ஆகலின் இசைக்கலைக்கு நூலினும் இன்றியமையாதவன் ஆசிரியன். அவ்வாசிரியனைத் தெரிந்து அமர்த்துமிடத்து எதனை முதலாகக் கொள்ளல் வேண்டும்? வழிவழி வந்த குடியிற் பிறந்தமையால் எய்தும் உரிமையா, கற்றுத் துறைபோயமையால் எய்தும் தகுதியா? இவ்வினா பழையது. இசைக்கல்வி கோயிலினின்றும் ஆசிரியர் இல்லத்தினின்றும் கல்லூரிக்குப் புகுந்த பின்னர்ப் பட்டச்சான்று என்னும் பிறிதொன்றும் இதனுடன் சேர்ந்தது. இவ்வினாவுக்குத் தமிழ்நாடு காலந்தோறும் அளித்த விடைகளைச் சான்றுகொண்டு காண்பது பயனுடைத்து.

பண்டை நூல் கூறும் ஆசிரியர் அமைதி

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை, மாதவி ஐந்தாம் யாண்டில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னீராம் யாண்டில் அரசன் அவைக்கண் அரங்கேறிய வரலாற்றைக் கூறுவது. அவளது ஆடலைக் கூறுதற்கு முன்னர், அவளுக்குத் துணைநின்ற ஆசிரியர் பலரின் இலக்கணத்தை அடிகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அவர் அறுவராவர். ஒரு நங்கையின் கல்விக்கு அறுவர் ஆசிரியர் வேண்டப்பட்டமை அக்காலத்து இக்கலையின் விரிவை உணர்த்தும்.

அவருள் இசையாசிரியனுக்குக் கூறிய அமைதி சிறப்பாக நோக்கற்பாலது. யாழ், குழல், தாளம், மிடற்றுப்பாடல், தண்ணுமை, கூத்து ஆகிய அனைத்தையும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பொருந்தப் புணர்க்கவும் வேண்டும். பாட்டியற்றிய புலவன் கருத்தை உணர்ந்து அதற்கு இயைய இசை அமைத்தல் வேண்டும். நாட்டு வழக்கிலுள்ள ஓசைகளையும் பழுதற உணர்ந்திருத்தல் வேண்டும். இவ்வமைதியுள் குடிப்பிறப்பு யாண்டும் கூறப்பட்டிலது. அறிந்திருத்தல், பொருத்துதல், பிறர்க்கு உணர்த்துதல் என்னும் இவையே கூறப்பட்டன. ஆசிரியன் தகுதியைச் செய்கையால் அளந்தமை இதனால் விளங்கும். நாட்டு வழக்கின் ஓசையையும் அவன் அறிதல் வேண்டும் என்ற விதி பின்னர்க் கருதப்படும்.

கல்லிற் பொறித்த பாடம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் சிகாநாதசுவாமி கோயிலை அடுத்த குன்றின் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உளது. அதன் எழுத்து கி. பி. 7, 8 ஆம் நூற்றாண்டுகளுக்குரிய பல்லவ கிரந்தம். நந்நான்கு சுரங்களாகக் கோவைப்படுத்திய இசைப்பயிற்சிகள் ஏழு பகுதியாக அதன்கண் பொறிக்கப்பட்டுள்ளன. மத்தியமக் கிராமம், சட்சக் கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்தியமம், கைசிகம் என்பன அவற்றின் பெயர். இவற்றுள் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்கள் தேவாரப் பண்களாகிய சாதாரி, பஞ்சமம், கௌசிகம் என்பவற்றை நினைப்பூட்டுகின்றன. அப்பர் சம்பந்தர் காலத்தை ஒட்டிய இசை வழக்கு கல்லில் நிற்கின்றது என்பதற்கு இது சான்றாதல் கூடும்.

அக்கல்வெட்டின் ஈற்றில் அமைந்த வடமொழித் தொடர், உருத்திராசாரியர் என்பாரின் மாணவனாகிய, சிவபத்தியிற் சிறந்த அரசன் ஒருவன் மாணாக்கர் நலங்கருதி இதனைச் செய்தான் என அறிவிக்கின்றது. அவ்வரசன் பெயர் அதன்கண் இல்லை. மகேந்திரவர்மனாவான் எனப் பலர் கருதினர். அதனை மறுத்தாரும் உளர். பெயர் யாதாயினும், அவன் தன்னை ஓர் ஆசிரியனுக்கு மாணவன் என்றே முதற்கண் கூறிக்கொண்டமை குறிக்கத்தக்கது. கற்பாரைக் கருதி இசைப்பாடத்தை மலையிற் பொறித்துவைத்தமையால் இதனைத் தமிழகத்தின் பழைய இசைப் பாடநூல் எனல் மிகையாகாது. எனினும், அப்பாடநூல் இன்று கண்ணால் படிக்கப்படுகின்றதே யன்றிச் செவியால் கேட்கப்படுகின்றிலது. ஆசிரியர் வழி அற்றமையே அதற்குக் காரணம்.

இராசராசன் வகுத்த முறை

உரிமையும் தகுதியும் பற்றிய தெளிவான விதி தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டில் உளது. முதலாம் இராசராசன் தன் 29 ஆம் ஆட்சியாண்டிற்குள் அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், அவருடன் உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் ஆக ஐம்பதின்மரை நியமித்தான். ஒருவர்க்கு நாடோறும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. குறுணி எட்டு நாழியாகலின் அஃது இருபத்துநான்கு நாழி நெல்லாகும்.

அக்கல்வெட்டின் பிற்பகுதி ஓர் அரிய ஏற்பாட்டைக் கூறுகின்றது. ஐம்பதின்மருள் ஒருவர் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அவர்க்கு அணியராகிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுத் திருப்பதியம் பாடுவர். அவ்வுறவினர் தாம் தகுதி இலராயின், தகுதியுடையார் ஒருவரைத் தெரிந்து பாடுவித்தல் வேண்டும். உறவினரே இல்வழி, எஞ்சிய பாடுவோர் கூடித் தக்கார் ஒருவரைத் தெரிந்தெடுப்பர். இதனுள் உரிமைக்கு முதலிடமும், தகுதிக்கு முடிந்த முடிபும் அளிக்கப்பட்டன. உரிமையுடையான் தகுதியிலனாயின் அவன் பாடவொண்ணாது. தகுதியுடையான் யாவன் எனத் துணிவார் அக்கலையை அறிந்தோரே யன்றி அரசன் அலுவலர் அல்லர். ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் ஏற்பட்ட இவ்விதி, இசையாசிரியரை நியமிக்கும் எக்காலத்தார்க்கும் கண்ணாடியாக உதவும்.

அதே கோயிலில் ஆடல் மகளிர் நானூற்றுவர்க்கு ஆளுக்கு ஒரு பங்காக நெல் வகுத்த கல்வெட்டு, நட்டுவம் செய்வார்க்கு இரண்டு பங்கு வகுத்தது. ஆடுவார்க்கு ஒரு பங்கும் ஆட்டுவிப்பார்க்கு இரு பங்குமாக அமைந்த இவ்வளவால், ஆசிரியத் தொழிலுக்கு அக்காலத்தார் வைத்த மதிப்பு விளங்கும்.

பண் அடைவு மீண்ட வரலாறு

திருமுறை கண்ட புராணம் கூறும் வரலாறும் ஈண்டு எண்ணத்தக்கது. தில்லையில் ஏடுகள் கிடைத்து நம்பியாண்டார் நம்பியால் தொகுக்கப்பெற்ற பின்னரும், அவற்றைப் பாடும் முறை அறிவார் இலராயினர். அப்போது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் திருவெருக்கத்தம்புலியூரில் தோன்றிய பெண்மணி ஒருவர் வாயிலாகப் பண் அடைவு வகுக்கப்பட்டது என அந்நூல் மொழிகின்றது. ஏட்டை மீட்டது ஒரு செயல். இசையை மீட்டது பிறிதொரு செயல். முன்னதற்குப் புலமையும் அரசன் துணையும் போதியனவாயின. பின்னதற்குப் பயின்ற மிடறு ஒன்று வேண்டப்பட்டது. அம்மிடறு பாணர் குடியில் எஞ்சியிருந்தது. குடிவழி உரிமையால் விளையும் பேருதவி இதுவாகும். நூல் அழிந்த காலத்தும் நூலோர் மறந்த காலத்தும் ஒரு குடி தன் தொழிலைக் கைவிடாது காத்துவரும்.

ஆனால் குடிவழிக்கு ஓர் இடரும் உண்டு. அக்குடி அற்றால் கலையும் உடன் அறும். யாழின் வரலாறு அதற்குச் சான்று. யாழ்ப்பாணர் கையில் ஒலித்த கருவி வழக்கொழிந்து, அதன் உருவமும் நரம்பும் யாவை என வினவ வேண்டிய நிலை பிற்காலத்து நேர்ந்தது. அவ்வினாவுக்கு விடை கண்டவர் கல்லூரி ஆசிரியர் ஒருவர் என்பது ஓர்க.

சிதம்பரத்தில் இசைக்கல்லூரி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு இசைக்கல்வி பெரும்பாலும் ஆசிரியர் இல்லத்தும் மடங்களைச் சார்ந்த தேவார பாடசாலைகளிலுமே நிகழ்ந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டு, பழந்தமிழ் இசைநூல் வழக்கைக் கணக்கிட்டு ஆராயும் நெறியைத் தொடங்கிவைத்தார். செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் நிறுவிய கல்லூரிகள் 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தன. அவற்றுள் இசைக்கல்லூரியும் ஒன்று. தில்லைச் சிற்றம்பலத்தை அடுத்து, திருமுறை ஏடுகள் கிடைத்த அவ்வூரிலேயே இசை பல்கலைக்கழகப் பாடமாயிற்று.

அக்கல்லூரியின் தொடக்ககாலத்து ஆசிரியரை நோக்குமிடத்து, அவர் பெரும்பாலும் குருகுலவழி வந்தோராக இருந்தமை காணலாம். மகா வைத்தியநாத ஐயரின் மாணவராகிய சபேச ஐயர் அதன் தலைமையை ஏற்றார். டைகர் வரதாச்சாரியாரும் அங்குப் பணியாற்றினார். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்போரின் வழித்தோன்றலாகிய பொன்னையா பிள்ளை அங்கு இசையாசிரியராக விளங்கினார். நால்வரும் முத்துசாமி தீட்சிதர்பால் பயின்றோர். பெருவுடையார் கோயிலோடும் தஞ்சை அரசவையோடும் தொடர்புடையோர். இராசராசன் நட்டுவர்க்கு இரு பங்கு வகுத்த அக்கோயிலின் ஆடல்பாடல் நெறியோடு இயைந்த குடியொன்றின் வழித்தோன்றல், பல்கலைக்கழக ஆசிரியராக அமர்ந்தார். முன்னோர் செய்த உருப்படிகளை அவர் தஞ்சைப் பெருவுடையான் பேரிசை என்னும் நூலாக வெளிப்படுத்தினார். வீட்டுச் சொத்தாக இருந்த பாடல்கள் இதனால் கற்பார் அனைவர்க்கும் பொதுவாயின.

ஈண்டு ஒன்று சிந்திக்கற்பாலது. குருகுலத்தில் ஆசிரியன் ஒருவனுக்கு மாணாக்கர் சிலரே. பயிற்சிக்குக் காலவரை இல்லை. கல்லூரியிலோ மாணாக்கர் பலர். மணி அடித்தவுடன் பாடம் முடிவுறும். ஆண்டிறுதியில் தேர்வு உண்டு. குருகுலத்தில் மாணாக்கன் ஆசிரியனோடு உறைந்து, அவன் பாடுங்கால் கேட்டுக் கேட்டு நுட்பங்களைத் தன்வயமாக்கினான். அந்நுட்பங்களைக் கல்லூரி ஆசிரியர் சுரதாளக் குறிப்பாலும் சொல்லாலும் விளக்க வேண்டியவரானார். இதனால் இழப்பும் உண்டு, பேறும் உண்டு. குறியீட்டில் அடங்காத கமக நுட்பம் சில கைநழுவும். அதே காலத்து, தான் செய்வது இன்னதென ஆசிரியர் எண்ணிப் பார்த்து உரைக்க வேண்டியிருத்தலால், பழக்கமாக இருந்தது அறிவாக மாறும்.

சைவ நூல்கள் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானநெறிக்கு நான்கு படி வகுத்தன. இசைக்கல்விக்கும் இந்நான்கும் பொருந்தும். குருகுலம் கேட்டலில் மிக்கது; கல்லூரி சிந்தித்தலில் மிக்கது. கேளாது சிந்தித்தவன் பாடமாட்டான். சிந்தியாது கேட்டவன் விளக்கமாட்டான். இரண்டும் ஒருவர்பால் கூடுமாயின் தெளிவு பிறக்கும்.

விபுலாநந்தர் யாழ்நூல்

சிந்தித்தலின் பயனுக்குச் சிறந்த சான்று விபுலாநந்த அடிகள். ஈழத்து மட்டக்களப்பை அடுத்த காரைதீவில் 1892 இல் பிறந்த அவர், விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றவர். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அவர் இசையாசிரியர் அல்லர். இசைக்குடியிற் பிறந்தாரும் அல்லர். ஆயினும் அரங்கேற்றுகாதையில் யாழாசிரியன் அமைதி கூறும் பகுதியைப் பற்றிக்கொண்டு, நரம்புகளின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள இயைபைக் கணிதமுறையான் ஆராய்ந்தார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு நிகழ்ந்த அவ்வாராய்ச்சி யாழ்நூலாக உருப்பெற்றது.

யாழ்நூல் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழியல்களை உடையது. கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் ஆதரவில் 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. அவ்வூர் திருஞானசம்பந்தர் ஓடம் செலுத்திய வரலாற்றால் பெயர்பெற்றது. நூலிற் கண்ட கணக்கின்படி அமைத்த யாழ்கள் அவ்விழாவில் இசைக்கப்பட்டன. அடுத்த திங்கள் 19 ஆம் நாள் அடிகள் இறைவன் திருவடி எய்தினார். குடிவழி அற்றமையால் மறைந்த ஒரு கருவியைக் கல்லூரிப் புலமை மீளவும் கண்முன் நிறுத்தியது. தகுதி என்பது குடிப்பிறப்பால் மட்டும் வருவதன்று என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

எனினும், சம்பந்தர் திருத்தருமபுரத்தில் பாடிய யாழ்மூரிப் பதிகத்தின் வரலாற்றை மறத்தல் கூடாது. அப்பதிகத்தின் இசை யாழில் அடங்காமையான் யாழ்ப்பாணர் தம் கருவியை முறிக்கப் புகுந்தார் எனப் பெரியபுராணம் கூறும். கருவியையும் கணக்கையும் கடந்து மிடற்றில் நிற்பது ஒன்று உண்டென்பதே அதன் கருத்தாம். யாழ்நூல் யாழை மீட்டது. மிடற்றிசைக்கு ஓதுவார் வேண்டியிருந்தது.

ஓதுவார் பேராசிரியரானமை

அண்ணாமலைச் செட்டியார் 1940 இல் தமிழிசை வளர்ச்சிக்கெனப் பதினாயிரம் ரூபாய் அளித்தார். 1941 ஆகஸ்டுத் திங்களில் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. 1943 இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப்பாட்டு முதன்மை பெறல் வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் கோரிக்கை. இசைக்கு மொழி இல்லை எனக் கூறி எதிர்த்தாரும் பலர். 1946 இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனை விழாவில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடினமை பற்றி எழுந்த பூசல் அக்காலத்து நாடறிந்தது.

அத்தேசிகர் 1908 இல் சிறுத்தொண்ட நாயனார் ஊராகிய திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் குடியில் தோன்றியவர். மாணிக்க தேசிகரிடம் திருமுறையும், கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளையிடம் இசையும் பயின்றார். பட்டினத்தார், நந்தனார் முதலிய திரைப்படங்களில் நடித்துப் பாடியமையால் நாடெங்கும் அறியப்பட்டார். 1952 முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைத் தலைமையில் அமர்ந்தார். கோயிற் சந்நிதியில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யும் குடியினர் ஒருவர் பல்கலைக்கழகத் துறையொன்றின் தலைவரானமை தமிழிசை வரலாற்றில் சிறிய செய்தி அன்று. திருமுறையைச் சமயச் சடங்கின் ஒரு பகுதியாக மட்டும் எண்ணியிருந்தோர்க்கு, அஃது இசை இலக்கியமும் இசை இலக்கணமும் ஆம் என்பது அதனாற் புலனாயிற்று. இராசராசன் விதியின்படி நோக்கின், உரிமையும் தகுதியும் ஒருங்கே கூடிய நியமனம் அதுவாம்.

இரு பண்ணுக்கு ஓர் இராகம்

கல்லூரியில் திருமுறை பாடமாகுமிடத்து ஆசிரியர் விடுவிக்க வேண்டிய கடினமான ஐயம் ஒன்றுண்டு. ஓதுவார் வழக்கில் ஒவ்வொரு பண்ணும் இக்காலத்து இராகம் ஒன்றிற் பாடப்படுகின்றது. மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியிலும், கௌசிகம் பைரவியிலும், பழம்பஞ்சுரம் சங்கராபரணத்திலும், காந்தாரபஞ்சமம் கேதாரகௌளையிலும், பஞ்சமம் ஆகிரியிலும், புறநீர்மை பூபாளத்திலும், செந்துருத்தி மத்தியமாவதியிலும், யாழ்மூரி அடாணாவிலும் பாடப்படும். இவ்வளவில் ஐயம் இல்லை. ஆனால் தக்கராகம், தக்கேசி என்னும் இரண்டும் காம்போதியிற் பாடப்படுகின்றன. நட்டராகமும் சாதாரியும் பந்துவராளியிற் பாடப்படுகின்றன. இரு பண் இரு பெயர் பெற்றுத் தனித்தனி வகுக்கப்பட்டமையின் தொடக்கத்தில் அவை வேறு வேறாதல் வேண்டும். இன்று ஒன்றாயின், யாதோ ஒரு காலத்து வேறுபாடு மறைந்தது எனக் கொள்ளல் வேண்டும்.

இவ்வையத்தை எழுப்புவது ஓதுவார்க்குப் பழி அன்று. அவர் காத்துத் தந்தமையாலேயே ஐயுறுதற்கும் பொருள் கிடைத்தது. ஆயினும், பண்ணும் இராகமும் ஒன்றேயென மாணாக்கர்க்கு உரைத்தல் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது. வழக்கைத் தள்ளித் தம் ஊகத்தால் புதிய இராகம் வகுத்துப் பாடுவித்தல் மரபுக்கு ஒவ்வாது. இது வழக்கு, இஃது ஆராய்ச்சி என இரண்டையும் பிரித்துணர்த்துவதே கல்லூரி ஆசிரியர் கடன். தமிழிசைச் சங்கம் 1949 முதல் நடத்திவரும் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவாரும் இசைப்புலவரும் ஒருங்கிருந்து ஒவ்வொரு பண்ணாக எடுத்துப் பாடியும் வாதித்தும் ஆராய்ந்தமை இக்கடனை நிறைவேற்றும் வழியைக் காட்டிற்று. பாடுவோர் பாட, நூலோர் நூல் காட்ட, இருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியரும் மாணவரும் ஆவர்.

ஈழத்திலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1960 இல் இராமநாதன் பெயரால் இசைக்கல்லூரி ஒன்று தோன்றிற்று. தமிழகத்து இசைவாணர் அங்குச் சென்று கற்பித்தனர்; மகாராசபுரம் சந்தானம் அதன் தலைவராகப் பணியாற்றினார். 1975 இல் அக்கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பெற்றது. விபுலாநந்தரை ஈழம் சிதம்பரத்துக்கு அளித்தது. தமிழகம் ஆசிரியரை ஈழத்துக்கு அளித்தது.

தகடூர் நாடு

இனி, கல்லூரி இசைக்கல்வியால் யாருக்குப் பயன் என்பதும் எண்ணப்படல் வேண்டும். பாடல்பெற்ற தலங்கள் பழைய கணக்கின்படி 274. அவற்றுள் 190 சோழநாட்டில் உள்ளன. கொங்குநாட்டில் உள்ளன ஏழே. தகடூர் எனப் பண்டு வழங்கிய தருமபுரிப் பகுதி அவ்வேழனுள் ஒன்றையும் பெற்றிலது. ஆகலின் காவிரிக் கழிமுகத்து ஊர்களிற் போல, தலந்தோறும் ஓதுவார் குடி தழைக்கும் வாய்ப்பு அங்கு இயல்பாக அமைந்திலது. அதனால் அந்நாடு இசைக்குப் புறம்பானது என்பது பொருந்தாது. தகடூர் அதியமான் நெடுமானஞ்சி பாணரும் விறலியரும் புலவரும் சூழ வாழ்ந்தவன், ஔவையாரைப் போற்றியவன். 1965 இல் சேலத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இப்பகுதியில், தேசிநாதேசுவரர் கோயில் கொண்ட கம்பைநல்லூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்து தெருக்கூத்து மரபு வாழ்கின்றது. பாரதக் கதை இரவெல்லாம் பாட்டும் ஆட்டமுமாக நிகழும் அக்கூத்து, இசையும் நாடகமும் பிரியாதிருந்த பழைய நிலைக்குச் சான்று.

இத்தகைய ஊரில் பிறந்த இளைஞன் ஒருவன் திருமுறைப் பண்ணிசை பயில விரும்பின், குடிவழி ஆசிரியன் அவனுக்கு அண்மையில் இலன். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் இசைக்கல்லூரிகளுமே அவனுக்குப் புகலிடம். அவ்விசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், பரதநாட்டியம் என்பவற்றோடு தேவாரமும் ஒரு பாடமாக மூன்றாண்டு கற்பிக்கப்படுகின்றது. சென்னையில் 1949 இல் தொடங்கப்பெற்ற மத்திய கருநாடக இசைக்கல்லூரியும் அதன்பின் எழுந்த அரசு இசைக்கல்லூரிகளும் அதற்கு மேற்பட்ட கல்வியை அளிக்கின்றன. 1981 இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசைக்கும் நாடகத்துக்கும் துறைகள் அமைந்தன. குடிப்பிறப்பு இல்லார்க்கும் கலையின் வாயில் திறந்தமை கல்லூரி செய்த அறம்.

அவ்வாறு வருவோன் தன் ஊர்க் கூத்தின் ஓசையைச் செவியிற் கொண்டே வருகின்றான். அதனை இழிந்தது என விலக்கும் ஆசிரியர், நாட்டு வழக்கின் ஓசையும் அறிதல் வேண்டும் என அரங்கேற்றுகாதை கூறிய அமைதியில் குறைந்தவராவர். அதனைக் கேட்டு, அதன் தாளத்தையும் பாட்டமைதியையும் எடுத்துக்காட்டி, அதனின்று பண்ணுக்கு வழிகாட்டுவோரே நிறைந்த இசையாசிரியர்.

பட்டச்சான்றும் இராசராசன் விதியும்

இக்காலத்துக் கல்லூரி ஆசிரியர் நியமனத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்துள்ளது. இசை முதலிய கலைகட்கு முதுகலைப் பட்டத்தோடு தகுதித்தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும் என்பது ஒரு வழி. மரபுவழிக் கலைஞர்க்கென மற்றொரு வழியும் அவ்விதிகளில் உண்டு. பெயர்பெற்ற மரபாசிரியரிடம் பயின்றிருத்தல், வானொலி அல்லது தொலைக்காட்சியில் உயர்தரக் கலைஞராக மதிக்கப்பட்டிருத்தல், தம் கலையைக் காரணங்காட்டி விளக்கும் ஆற்றல் பெற்றிருத்தல் என்பன அதற்கு இலக்கணம். இவ்விலக்கணம் சிலப்பதிகாரம் கூறிய ஆசிரியர் அமைதியோடு பெரிதும் ஒத்தது. ஆயின், 2018 ஆம் ஆண்டு விதிகள் அவ்வழியில் வருவோரும் இளங்கலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் எனக் கூறின.

பட்டம் வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கற்பித்தல் பலர்க்கும் பொதுவான நெறியில் நிகழ்தல் வேண்டும். ஒருதலைச் சார்பான நியமனம் தவிர்த்தல் வேண்டும். இவை நல்ல நோக்கங்கள். எனினும், இளமை தொட்டுப் பாடசாலையில் திருமுறை பயின்று, பன்னிரு திருமுறையும் பண்முறையிற் பாடவல்ல ஓதுவார் ஒருவர் பட்டம் இன்மையான் கல்லூரி வாயிலில் நிற்க நேரின், கல்லூரி இழப்பது சிறிதன்று. தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் வாத்தியார்க்கும் இஃது ஒக்கும். பட்டச்சான்று பயின்ற காலத்தை அறிவிக்கும். பாடும் திறத்தைப் பாட்டே அறிவிக்கும்.

முடிவுரை

மேற்காட்டிய சான்றுகளால் தெளியப்படுவன சில. குடிவழி உரிமை இசையை இருண்ட காலத்திற் காத்தது. குடி அற்றபோது அது காக்கவியலாதாயிற்று. நூற்புலமை மறைந்ததை மீட்டது. மீட்டதனைப் பாட அதற்கு மிடறு வேண்டியிருந்தது. கல்லூரி இரண்டையும் ஒரு கூரையின்கீழ்க் கூட்டி, குடியில்லார்க்கும் வாயில் திறந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைக்கல்வி முதல் நாற்பதாண்டில் எய்திய சிறப்பு, குருகுலத்தாரும் ஓதுவாரும் நூலோரும் அங்கு ஒருவரையொருவர் கண்டமையால் விளைந்தது.

தஞ்சைக் கல்வெட்டு வகுத்த முறை இன்றும் கொள்ளத்தக்கது. உரிமையுடையாரை முதற்கண் நோக்குக. அவர் தகுதியிலராயின் தகுதியுடையாரைக் கொள்க. தகுதியைத் துணியும் பொறுப்பை அக்கலை வல்லார்பால் விடுக. இசைத்துறை நியமனக் குழுக்களில் திருமுறை வல்ல ஓதுவாரும், மரபுவழி இசைவாணரும், கூத்து வல்லாரும் இடம்பெற்று, வருவோரைப் பாடுவித்தும் கற்பிப்பித்தும் காண்பாராயின், பட்டமுடையார் பட்டத்தால் இழப்பது ஒன்றும் இல்லை. பட்டமிலார் பாட்டால் பெறுவது பெரிது. குடுமியான்மலைப் பாறையில் மாணாக்கர் நலங்கருதிப் பொறித்த பாடம் இன்று ஊமையாக நிற்கின்றது. பண்ணிசைப் பாடங்களும் அந்நிலை எய்தாமற் காப்பார் ஆசிரியரே யாகலின், அவரைத் தெரிந்தமர்த்தும் செயல் அக்கலையின் வாழ்வைத் தெரிந்தமர்த்தும் செயலாகும்.